மூன்றாவது ஓட்டு

எங்கள் தொகுதியில் ஆளுக்கு மூன்று ஓட்டு.
இனத்துக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று போட்டுவிடுங்கள்,
மூன்றாவதை எங்களுக்குத் தாருங்கள் என்று
மஹேபூர் திங்கள் சந்தையில்
கத்தரிக்காய் விலை கேட்பவர்களிடம் கேட்டுத் திரிந்தோம்.
"மூன்றாவதா? அது என் மைத்துனனின் முதலாளிக்கு."

கட்சி அலுவலகம் என் முடிதிருத்தும் கடையின் பின்னறை.
நான் பொருளாளர்.
கத்தரிக்குச் சாணை பிடித்த செலவும்
துண்டறிக்கை அடித்த செலவும்
ஒரே நோட்டில், ஒரே மையில்.

முதல் தடவை நிற்கவே விடவில்லை.
வேட்புமனுவில் 'எந்தச் சமூகம்' என்ற கட்டத்தில்
மர்லேன் டீச்சர் 'கடலோரம்' என்று எழுதினார்.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார்.
தள்ளுபடி.

அடுத்த முறை சின்னம் கிடைத்தது: அலையாத்தி மரம்.
அச்சகக்காரன் வேர்களைத் தடிப்பாகப் போட்டுவிட்டான்.
பிள்ளைகள் 'ஊரீட் கட்சி' என்று கூப்பிட்டார்கள்;
எட்டுக்கால் கணவாய்க்கு இங்கே அதுதான் பேர்.
அவர்கள் கூட்டத்தில் அண்டா அண்டாவாய் பிரியாணி.
எங்களிடம் தேநீர், மரவள்ளி பிஸ்கட்,
அதுவும் வெள்ளியன் கடன் சொல்லி வாங்கியது.
முந்நூற்றுப் பத்தொன்பது. டெபாசிட் காலி.

பிறகு அந்த ஆகஸ்ட்.
பவளத்திட்டில் ஏறி நின்ற கப்பல் வயிறு பிளந்து
காயல் தாராய் கறுத்தது.
கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்தது ஊர்.
முடி எண்ணெயை உறிஞ்சும் என்று யாரோ சொல்ல
என் கடை வாசலில் வரிசை.
கல்யாணத்துக்கு வளர்த்த பின்னலை
"அடியோடு வெட்டு" என்றாள் ஒருத்தி.
தாடியைத் தந்தார் மீன்கடை ஹாஜியார்.
எங்கள் சுவரொட்டியைக் கிழிக்கிற பையன்கூட
தலையை நீட்டினான், என் முகத்தைப் பார்க்காமல்.
மூன்று நாள் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.
சுருட்டை, நரை, மருதாணிச் சிவப்பு
எல்லாம் ஒரே மூட்டைக்குள் கிடந்தன.
பிரித்து எழுதச் சொல்லி
எந்தப் படிவமும் வரவில்லை.

அந்த மாதம் வெள்ளியன்
கோட்டுத் தைக்கக் கொடுத்தான்.

பெரிய கூட்டணி ஆள் அனுப்பியது.
கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு
ஏழு பேர் விடியும்வரை பேசினோம். நாலுக்கு மூன்று.
மர்லேன் டீச்சர் போனார். ஜெயித்தார்.
கறுப்புக் கார் வந்தது.
சதுப்பு நிலத்தில் ஹோட்டலுக்கு அனுமதி வந்தபோது
அவர் கையெழுத்து இல்லை,
அவர் குரலும் இல்லை.
இன்னமும் மாதம் ஒருமுறை என்னிடம்தான் முடி வெட்ட வருகிறார்.
"சூபேன், பின்னால் கொஞ்சம் குறை."
அதற்கு மேல் நாங்கள் பேசுவதில்லை.
காரின் பின்கண்ணாடியில்
பாதி உரிந்த அலையாத்தி மரம்.

போன தேர்தலில் வெள்ளியன் நின்றான், அதே கோட்டில்.
கோட்டு இப்போது தொளதொளத்தது.
முடி தந்த தலைகளை எண்ணினேன், ஆயிரத்துக்கு மேல்.
பெட்டியில் எண்ணினோம்: இருநூற்று எண்பத்தேழு.

ஆனால் அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையில்,
பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டிய சுவரின் கீழே,
ஒரு சீட்டை அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
மூன்று பெருக்கல் குறி.
மூன்றும் எங்கள் மரத்துக்கு நேரே,
ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல்
கவனமாக, இடம் விட்டு.
"செல்லாது" என்று அந்தப் பக்கம் வைத்தார்.
விதி அவர் பக்கம். நான் முகவர், தலையாட்டினேன்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிற
ஒவ்வொரு தலையையும் சந்தேகிக்கிறேன்.
போர்வையைக் கட்டி, தண்ணீர் தெளித்து
கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்க்கிறேன்.
நீயா?

கணக்கு நோட்டில் 287 என்று மையால் எழுதிவிட்டு
பக்கத்தில் பென்சிலால்
சின்னதாய் 3 என்று போட்டேன்.
வருடக் கணக்கைச் சரிபார்த்த வெள்ளியன்
ஒரு பிஸ்கட் பாக்கியைத் திருத்தினான்.
பென்சிலை அழிக்கவில்லை.